பின்கட்டில் தொடங்க வேண்டிய வேலை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வீடுகளின் முகம் மாறிவிடும். கடற்கரைப் பக்கம் உயர்ந்த மதிலும் சாத்திய வாயிற்கதவுமாக இருந்தவை, இந்தப் பக்கம் தெருவைப் பார்த்துத் திண்ணை போட்டு உட்கார்ந்திருக்கும். திண்ணைக்கு மேல் மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம். அண்ணாந்து பார்த்தால் மாடி வேறு பாஷை பேசும்: வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், சுண்ணாம்பில் இழைத்த பூவேலை. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையிலேயே இந்தக் கலப்பு உண்டு. கீழே செதுக்கிய மரத்தூண்கள், மாடியில் பூசி மெழுகிய வெள்ளைத் தூண்கள்.

இந்த வீதிகளைக் காப்பாற்றும் முயற்சி புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இன்டாக் அமைப்பின் துணையோடு வைசியாள் வீதியின் முகப்புகள் செப்பனிடப்பட்டன. இடிந்த தாழ்வாரங்களும் திண்ணைகளும் திரும்பி வந்தன. 2008-ல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் முகப்பு தெருவில் போகிறவர் பார்ப்பது. வீட்டுக்காரர் புழங்குவது அதற்குப் பின்னால். மச்சு ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது, கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது, இரண்டு ஏசியைச் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள். ஊருக்கு வெளியே ஃபிளாட் வாங்கிப் போய்விடுவார்கள். பெரியவர்கள் இருக்கும்வரை விளக்கு எரியும், பிறகு பூட்டு தொங்கும். ஆகவே பழைய வீட்டைப் புதுப்பிப்பதென்றால் பின்கட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. எதை, ஏன், எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் சோலார் வைக்கலாம், எல்லாம் நவீனமாக இருக்குமே" என்பவர்களுக்காக. ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 400 மூட்டை சிமெண்ட் என்பது மேஸ்திரிகளின் கைக்கணக்கு. ஐம்பது கிலோ மூட்டை. ஆக 20 டன். சுத்தமான போர்ட்லாண்ட் சிமெண்ட் ஒரு டன் தயாரிக்க முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். சாம்பல் கலந்த பிபிசி என்றால் குறையும். தாராளமாகக் குறைத்து 0.6 டன் என்று வைத்தாலும் சிமெண்ட் மட்டுமே 12 டன். மாதம் 200 யூனிட் எரிக்கும் குடும்பத்தின் மின்சாரக் கணக்கு, யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் பார்த்தால், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் டன்னுக்குள் அடங்கிவிடும். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஏழு ஆண்டு மின்சாரத்துக்கான புகையை வானத்துக்கு அனுப்பியாகிவிட்டது. கம்பி, செங்கல், இடிபாடுகளை அள்ளிப் போகும் லாரி இவையெல்லாம் தனி.

பழைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஓதம். தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குச் சுவர் ஈரமாக, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குத் தட்டி உதிர்ந்துகொண்டிருக்கும். அக்காலத்துச் சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் நிலத்தடி ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உறிஞ்சும். இதைக் கட்டியவர்களும் அறிவார்கள். சுண்ணாம்புக் காரைக்கு நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே காற்றில் போய்விடும். வருஷத்துக்கொருமுறை வெள்ளையடித்தால் தீர்ந்தது. கெடுதல் தொடங்கியது பிற்பாடு, உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தபோது. வெளியே போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறியது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளியது. "சிமெண்ட் போதவில்லை, வாட்டர்ப்ரூஃப் கலந்து கெட்டியாகப் பூசலாம்" என்று அடுத்த மேஸ்திரி சொல்வார். ஓதம் இன்னும் இரண்டடி மேலே போகும்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். ஈரத் தடம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய ஒரு கோடை முழுவதும் சுவரைக் காய விட வேண்டும். விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பில் காரை பூசி, சுண்ணாம்பு வெள்ளையே அடிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு; கூலியும் நாளும் சிமெண்ட் வேலையைவிடக் கூடும். சுண்ணாம்பு சுடும்போதும் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் சிமெண்ட் உலைக்கு 1,450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக் காளவாய்க்கு 900 டிகிரி போதும். அதோடு, காரை இறுக இறுகக் காற்றிலிருந்து அந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

ஓதத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு காரணம் உண்டு. பழையதைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். சில வீடுகளில் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைநீர் வாசலில் தேங்கினால் எந்தக் காரையும் தாங்காது. இது வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்க முடிந்த காரியமில்லை. அடுத்த முறை தார் வண்டி வரும்போது, பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லித் தெருவே சேர்ந்து நிற்க வேண்டும்.

அடுத்தது மச்சு. 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர்கள் சொல்லும் கூரை இது. தேக்கு உத்திரங்கள் மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஓர் அங்குலமே தடிமனுள்ள சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்குத் தளம் இறுக வேண்டும். கடைசியில் தட்டோடு. கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. ஆனால் நூறு வருஷம் நிற்கும். ஒரு நிபந்தனை, மேலே தண்ணீர் தேங்கக் கூடாது.

இந்தக் கூரையின் எமன் இரண்டு பேர். ஒருவர் அரசங்கன்று. காக்கை போட்ட விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைக்கும். இரண்டு இலை விடும்போது கிள்ளினால் போச்சு. விட்டுவிட்டால் ஐந்தாறு வருஷத்தில் வேர் சுவரைப் பிளந்து கீழ்வீட்டுக்கே வந்துவிடும். வளர்ந்ததை இழுத்துப் பிடுங்கினால் சுவரும் கூட வரும். வெட்டி, வேரைக் கொன்று, காய்ந்த பிறகு வெடிப்பில் சுண்ணாம்புக் குழம்பு இறக்குவதே முறை. இன்னொருவர், ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு கோட் சிமெண்ட் பூசுகிறவர். நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலம் பூசினால் ஏறத்தாழ அரை டன் பாரம். மூன்று தலைமுறை பூச்சைச் சுமக்கும் உத்திரம் நடுவில் தொய்யாமல் என்ன செய்யும்? சரியான வேலை என்றால் மேலே ஏற்றியதையெல்லாம் கொத்தி இறக்கி, பழைய சுண்ணாம்புத் தளம் வரை போய், உதிர்ந்த இடத்தை மட்டும் திரும்பத் தட்டி, தட்டோடு பதித்து, வெள்ளையடிப்பது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். செலவில்லாமல் மாடி அறையில் சூடு தணியும்.

உத்திரத்தில் பார்க்க வேண்டிய இடம், சுவருக்குள் புதைந்த முனை. நடுமரம் இரும்பாக இருக்கும், முனை மட்டும் ஈரத்தில் மக்கியோ கரையான் அரித்தோ இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முனை கெட்டதற்காக முழு உத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டாம். கெட்டதை அறுத்து, பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்கை ஒட்டுப்போட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டால் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். கூரையை மொத்தமாக எடுத்துவிட்டு ஆர்சிசி தளம் போடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பாரத்தைச் சுண்ணாம்புச் சுவர் தாங்குமா என்று பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரைப் பார்க்கச் சொன்ன பிறகே தலையாட்டுங்கள்.

அசட்டையின் விலை என்ன என்பதற்கு இந்த ஊரே சாட்சி. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சிக் கட்டடமான மேரி, நெடுநாள் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். இப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

இனி முற்றம். இந்த வீடுகளின் ஏசி அதுதான். ஒன்றரை அடிச் சுவர் பகலில் வாங்கும் சூடு உள்ளே எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்குள் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, திண்ணைப் பக்கத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று இழுபடும். வாசலிலிருந்து கொல்லை வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது இதற்கும் உதவும். இன்று பல வீடுகளில் முற்றத்துக்கு மேல் கம்பிக்கட்டம் போட்டு அதன் மேல் ஃபைபர் ஷீட்டை இறுக்கமாக மூடிவிட்டார்கள். காரணங்கள் நியாயமானவை: மழைச் சாரல், திருட்டு, குரங்கு, கொசு. விளைவு, நடுவீட்டில் ஓர் அடுப்பு. ஷீட்டைக் கழற்றச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அதையே ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்டு, அந்த இடைவெளியில் கொசுவலை அடிக்கச் சொல்வேன். ஷீட்டின் விளிம்பு முற்றத்தைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் சாரல் வராது, காற்று போகும். ஒரு நாள் வேலை இது. இந்தக் கட்டுரையில் சொல்வதிலேயே மலிவானதும் பலன் கூடியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதப் புழுக்கத்தில் இரவில் தூக்கம் வேண்டும். ஒரே ஒரு படுக்கையறையை மட்டும் சந்து இடுக்கில்லாமல் அடைத்துக்கொண்டு அங்கே போடலாம். மற்ற இடங்களுக்கு மின்விசிறி போதும். பழையது 75 வாட் இழுக்கும், இப்போதைய பிஎல்டிசி விசிறி 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். முதலில் சூட்டைக் குறை, பிறகு இயந்திரம் வாங்கு என்பதே வரிசை. 1931-ல் கட்டிய நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் இதையே செய்தார்கள். 2009-ல் அறிவித்த அந்தப் புதுப்பித்தலில் 6,514 ஜன்னல்களின் கண்ணாடிகளைத் தூக்கி எறியாமல், கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டு, வெப்பம் கடத்தாதபடி மறுபடி சேர்த்துப் பொருத்தினார்கள். உள்ளே வரும் சூடு குறைந்ததால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக்கத் தேவைப்படவில்லை, இருந்தவற்றையே செப்பனிட்டுக்கொண்டார்கள். 102 மாடிக்குச் சரியானது இரண்டு கட்டு வீட்டுக்கும் சரிதான்.

கழிப்பறை விஷயத்தை எழுத்தில் தவிர்ப்பதுதான் வழக்கம். ஆனால் பழைய வீட்டை விட்டுப் போகிறவர்களைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்துத் திட்டத்தில் அது கொல்லைக் கோடியில், துப்புரவுச் சந்தை ஒட்டி. எழுபது வயதுப் பெரியவர் இரவில் மூன்று கட்டு தாண்டிப் போக முடியாது. அதற்காக மாடி மச்சின் மேலேயே ஒரு குளியலறை எழுப்பினால் சில வருஷத்தில் கீழே உத்திரம் மக்கும்; மரக்கூரைக்குத் தினசரி ஈரம் ஆகாது. சரியான இடம் பின்கட்டின் ஒரு மூலை. அங்கே பழைய சுவரையோ மச்சையோ நம்பாமல், தன் காலிலேயே நிற்கும் ஒரு சட்டகம் எழுப்பி, கீழ்த்தளத்துக் குளியலறையின் நேர் மேலே மாடிக் குளியலறை வரும்படி வைத்தால் குழாய்கள் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். ஒழுகினாலும் பழைய வீட்டைத் தொடாது. கீழ்த்தளத்தில் அதை ஒட்டியே பெரியவர்களுக்கு ஒரு படுக்கையறை. வாசல் படிக்கட்டில் ஒரு கைப்பிடி, பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய சாய்தளம். இவ்வளவும் இருந்தால் பெரியவர் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

ஒயரிங்கை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கக் கூடாது, முழுதாக மாற்ற வேண்டும். மரக்கூரை வீட்டில் கருகிய ஒயர் விளையாட்டல்ல. ஆனால் புது ஒயருக்காகச் சுவரெல்லாம் காடி வெட்டாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஆழமான காடியில் பலம் இழக்கும். அடைத்த சிமெண்டோ ஓத வாசலாகும். சுவர் மேலேயே குழாய் ஓட்டிப் போவது இந்த வீடுகளுக்கு அழகாகவே இருக்கும். எர்த்தும், கசிவு மின்சாரத்தில் தானே அணையும் ஆர்சிசிபி ஸ்விட்சும் கட்டாயம்.

சோலார் பலகை வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் படாத நூறு சதுர அடி வேண்டும், நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்று மானியம். பலகையின் பாரம் பெரிதில்லை. பயப்பட வேண்டியது புயல் காற்று தூக்குவதற்குத்தான். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்காகச் சுண்ணாம்புத் தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்கினால், அந்தத் துளையே ஒழுகல். சுவர் போகும் கோட்டுக்கு மேல் செங்கல் மேடை கட்டி, சட்டகத்தை அதில் பிணைக்க வேண்டும். தெருவிலிருந்து கண்ணில் படாத பின்கூரையாக இருந்தால் பாரம்பரியக் குழுவும் முணுமுணுக்காது.

மழைநீருக்கு இந்த வீடுகளே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. கூரையின் பெரும்பகுதி முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்; முற்றத்து மூலையில் பழைய கிணறும் பெரும்பாலும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை. வழியில் போவது போக ஒரு லட்சம் லிட்டர் நிச்சயம். முதல் மழையை வெளியே விட்டு, மணல் கூழாங்கல் தொட்டி வழியே கிணற்றில் இறக்கினால் போதும். கடலோர ஊரில் நல்ல நீரை நிலத்துக்குள் அனுப்புவது உப்புநீர் உள்ளே வருவதைத் தடுக்கும். ஆனால் போக்குவழியைப் பெரிதாகவே வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது இந்த ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதே கூரையில் அது 40,000 லிட்டர். முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகும் பழைய தூம்பைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தவர்கள் அன்று முட்டளவு நீரில் நின்றிருப்பார்கள்.

இவ்வளவும் செய்யப் பணம் எங்கே என்பதுதான் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. பணத்துக்கு முந்திய சிக்கல் பெரும்பாலும் பத்திரத்தில் இருக்கிறது. தாத்தா பெயரில் வீடு, ஆறு வாரிசு, இருவர் பிரான்சில். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. இடித்து விற்றால் மட்டும் எல்லோருக்கும் பங்கு வரும். அதனால் பல வீடுகள் தப்பித்தது ஓட்டலாக மாறியதால்தான். முகப்பும் தூணும் பிழைத்தன என்று சந்தோஷப்படலாம். ஆனால் வரிசையாகப் பத்து வீடும் தங்கும் விடுதியும் காபிக்கடையும் ஆகிவிட்டால், காலையில் பெரிய மார்க்கெட்டுக்குக் கூடையோடு நடந்து போகிறவர் யார்? நடந்தே போகும் தூரத்தில் மார்க்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்று அமைந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேறி, எல்லாவற்றுக்கும் வண்டி எடுப்பவரின் பெட்ரோல் செலவையும் மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. இந்த வீடுகள் கட்டுக் கட்டாகப் பிரிந்தவை. முன்கட்டு, பின்கட்டு, மாடி என்று மூன்று குடும்பம் தனித்தனி வாசலோடு இருக்க முடியும், முற்றத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு. மாடியை வாடகைக்கு விட்டு வரும் பணத்தில் மச்சு வேலை, அடுத்த வருஷம் ஓத வேலை என்று போனவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை.

ஒரு வருஷத்தில் எப்போது எதைச் செய்வது என்பதற்கு நாட்காட்டியே போதும். மாசி பங்குனியில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். சித்திரை வைகாசி வெயில் சுவரைக் காய வைக்கட்டும், அக்னி நட்சத்திரத்துக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கட்டும். அந்த நாளில் சுண்ணாம்பு தொட்டியில் நீறிக்கொண்டிருக்கட்டும். ஆனி ஆடியில் மச்சு. வெயில் தணிந்த ஆவணியில் சுவர்ப்பூச்சு. காரை சடுதியில் காய்ந்தால் வெடிக்கும், சாக்கு நனைத்துப் போட வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள் காலையில் கூரை மேல் ஏறி, தூம்பு வாயில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எங்கே வருகிறதென்று கீழே ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.